கண்ணுக்குள் லென்ஸ் வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? ஆபரேஷனை விட அளவெடுப்பைக் கவனியுங்கள்

மைனஸ் 2, மைனஸ் 3 என்று சின்னப் பவரில் கண்ணாடி போடுகிறவர்கள் இதைச் சும்மா படித்து வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியைக் கழற்றி வைத்த இடத்தைக் கண்டுபிடிக்கவே இன்னொரு கண்ணாடி வேண்டும் என்கிற நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு வலது கண்ணில் மைனஸ் 11, இடது கண்ணில் மைனஸ் 9.5, போதாக்குறைக்கு இரண்டிலும் சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததற்குத் தேவைப்படும் பவர். லேசர் செய்துகொள்ளலாம் என்று போய், "உங்கள் கருவிழிக்கு இது ஒத்துவராது, ஐசிஎல் பற்றி யோசியுங்கள்" என்று கேட்டுத் திரும்பியவர்களில் நானும் ஒருத்தி. ஐசிஎல் என்றால் ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்.

ஏன் ஒத்துவராது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே பலர் மனசு விட்டுப்போகிறது. லேசர் என்பது கருவிழியை, அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் படலத்தை, செதுக்கிப் பவரைக் குறைக்கும் வேலை. கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு டயாப்டர் (மைனஸ் 1 என்பது ஒரு டயாப்டர்) பவரைக் குறைக்க ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்க வேண்டும். மைனஸ் 11 என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். லாசிக் என்கிற லேசர் முறையில் கருவிழியின் மேல்பகுதியைச் சீவித் தூக்கும் மூடி வேறு 100 மைக்ரானுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது கண்ணின் அழுத்தத்தைத் தாங்காமல் நாளடைவில் முன்னால் பிதுங்க ஆரம்பித்தால், பழைய கண்ணாடியே தேவலை என்று ஆகிவிடும். ஆக, உங்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய டாக்டர் நல்லவர்.

கண்ணுக்குள் எங்கே வைக்கிறார்கள்?

கண்புரை ஆபரேஷனில் வைக்கிற லென்ஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதியது வைக்கிறார்கள். இங்கே உங்கள் இயற்கை லென்ஸ் அப்படியே இருக்கும். அதற்கு முன்னால், ஐரிஸ் என்கிற நிறத்திரைக்குப் பின்னால், நடுவில் இருக்கும் ஒரு குட்டி இடைவெளியில் மெல்லிய லென்ஸ் ஒன்றைச் செருகுகிறார்கள். கிட்டே, தூரத்தே என்று ஃபோகஸ் மாற்றும் திறன் இயற்கை லென்ஸில் இருப்பதால், அது போகாது. கருவிழியைச் செதுக்குவதும் இல்லை. ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். முக்கியமாக, பிடிக்கவில்லை என்றாலோ பொருந்தவில்லை என்றாலோ வெளியே எடுக்க முடியும். லேசரில் செதுக்கியதை ஒட்டவைக்க முடியாதே.

அதிகம் பேசப்படுவது ஸ்டார் சர்ஜிக்கல் என்ற நிறுவனத்தின் ஐசிஎல். கொலாஜன் கலந்த 'கொலாமர்' என்கிற மென்மையான பொருளில் செய்தது. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி கொடுக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ இதற்கு 2005 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. அந்தக் காலத்து மாடலில் ஒரு தொல்லை இருந்தது. கண்ணுக்குள் ஊறும் நீர் லென்ஸைத் தாண்டி முன்னால் வர வழி வேண்டும் என்பதற்காக, ஆபரேஷனுக்கு முன்பே ஐரிஸில் லேசரால் துளை போட வேண்டியிருந்தது. பிறகு வந்த ஈவோ மாடலில் லென்ஸின் நடுவிலேயே 0.36 மில்லிமீட்டரில் ஒரு துளை வைத்துவிட்டார்கள், நீர் அதன் வழியாகப் போய்விடும். எஃப்டிஏ அனுமதி இதற்கு 2022 மார்ச்சில்தான் கிடைத்தது, மற்ற பல நாடுகளில் அதற்குப் பல வருஷம் முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஐபிசிஎல் என்று அக்ரிலிக் வகை ஒன்றும் இதே இடத்தில் உட்காரும். ஐரிஸைக் கவ்விப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னால் நிற்கும் வகையும் உண்டு. அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

உங்களுக்குப் பொருந்துமா?

வயது 21-க்கு மேல் இருக்க வேண்டும். எஃப்டிஏ 2022 அனுமதியில் வைத்த மேல் வரம்பு 45. பவர் மைனஸ் 3 முதல் மைனஸ் 20 வரை என்று அவர்கள் சொன்னாலும், மைனஸ் 15 வரைக்கும்தான் முழுத் திருத்தம், அதற்கு மேல் இருப்பவர்களுக்குப் பவர் குறையும், பூஜ்யம் ஆகாது. கடைசி ஒரு வருஷத்தில் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. இதற்கு வாய்ச்சொல் போதாது, வீட்டில் கிடக்கும் பழைய கண்ணாடிச் சீட்டுகளை எல்லாம் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் பழைய கண்ணாடியையே கொண்டுபோனால் அதிலிருந்து பவரை அளந்து சொல்லிவிடுவார்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் தள்ளிப்போட வேண்டும், அந்த நேரத்தில் பவர் நிலையாக இருக்காது. கிளகோமா என்கிற கண் அழுத்த நோய், கண்ணுக்குள் அடிக்கடி வரும் அழற்சி, ஏற்கெனவே ஆரம்பித்துவிட்ட கண்புரை எல்லாம் இருந்தால் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: வெள்ளெழுத்து எப்படியும் வரும், தூரத்துக்குக் கண்ணாடி போனாலும் படிக்கக் கண்ணாடி வந்து சேரும்.

இதை எல்லாம் தாண்டி இரண்டு விஷயம் கண்ணுக்குள் பார்த்தால்தான் தெரியும். ஒன்று, லென்ஸுக்கு இடம் இருக்கிறதா என்பது. கருவிழியின் உட்புறத்திலிருந்து இயற்கை லென்ஸ் வரைக்கும் உள்ள ஆழம் 3 மில்லிமீட்டராவது வேண்டும் என்பது எஃப்டிஏ கணக்கு, 2.8 இருந்தாலே போதும் என்று வைக்கிற இடங்களும் உண்டு. இன்னொன்று, கருவிழியின் உள்பக்கத்தில் ஒரே வரிசையாகப் படிந்திருக்கும் எண்டோதீலியம் செல்கள். இவைதான் கருவிழியில் நீர் கோக்காமல் தெளிவாக வைத்திருப்பவை, செத்தால் திரும்ப முளைக்காது. எவ்வளவு இருக்கின்றன என்று ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். வயது குறைவாக இருந்தால் எண்ணிக்கை அதிகமாக எதிர்பார்ப்பார்கள், இன்னும் பல வருஷம் ஓட வேண்டுமே.

அளவெடுக்கப் போகும் முன்

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் நிறுத்திவிட்டுப் போங்கள். மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம், சில நேரம் அதற்கும் மேலே. தினம் தினம் கருவிழி மேல் உட்கார்ந்து அதன் வடிவத்தையே லென்ஸ் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும், அது பழைய நிலைக்குத் திரும்ப நேரம் வேண்டும். நான் முதலில் போன இடத்தில் இதை யாரும் கேட்கவே இல்லை. காலையில் கழற்றிவிட்டு வந்த கண்ணில் அப்படியே அளவெடுத்து, "சிலிண்டர் அச்சு இவ்வளவு, ஆர்டர் போட்டுவிடலாமா?" என்று அன்றைக்கே முன்பணம் கேட்டார்கள். ஏதோ உறுத்தலாக இருந்ததால் வீட்டுக்கு வந்து, மூன்று வாரம் வெறும் கண்ணாடியோடு இருந்துவிட்டு வேறு இடத்தில் அளந்தால் இடது கண்ணின் அச்சு, அதாவது சிலிண்டர் பவர் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது, 12 டிகிரி வேறாக வந்தது.

12 டிகிரி சின்ன விஷயம் மாதிரி தெரியும். சிலிண்டரையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் லென்ஸில், ஒரு டிகிரி தப்பினால் திருத்தத்தில் ஏறக்குறைய மூன்று சதவீதத்துக்கு மேல் வீண், 30 டிகிரி தப்பினால் சிலிண்டர் குறையவே குறையாது. இப்போது புரியும், ஏன் அந்த அளவெடுப்பு நாளைப் பற்றி இவ்வளவு நீட்டுகிறேன் என்று.

அடுத்தது சைஸ். ஐசிஎல் 12.1, 12.6, 13.2, 13.7 மில்லிமீட்டர் என நாலே நாலு சைஸில்தான் வருகிறது. இதில் எது என்று முடிவு செய்ய, பெரும்பாலும் கருவிழியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வெளியிலிருந்து அளக்கிறார்கள், அதோடு அந்த ஆழத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் லென்ஸ் உட்காரப்போவது அங்கே இல்லை, ஐரிஸுக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு வரப்பில். வாசற்படியின் அகலத்தை அளந்துகொண்டு போய் உள்ளறைக்குக் கட்டில் வாங்குகிற கதைதான். பெரும்பாலும் சரியாகவே வந்துவிடுகிறது, சில கண்களில் வருவதில்லை. அதனால் யூபிஎம் என்கிற அல்ட்ராசவுண்டில் அந்த வரப்பையே நேராகப் பார்த்து அளக்கும் வசதியோ, கண்ணின் முன்பகுதியை ஓசிடி என்கிற ஒளி ஸ்கேன் எடுத்துக் கணக்கிடும் வசதியோ அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். என்னிடம் கேட்டால், பிரகாசமான வரவேற்பறையை விட இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

சைஸ் சரியாக இருந்ததா என்பது வைத்த பிறகுதான் தெரியும். அதற்கு ஒரு எண் உண்டு, பெயர் வால்ட். புது லென்ஸுக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. பொதுவாக 250 முதல் 750 மைக்ரானுக்குள் இருந்தால் நிம்மதி. ரொம்பக் குறைந்தால் புது லென்ஸ் பழையதை உரசி, காலப்போக்கில் கண்புரையைக் கொண்டுவரலாம். ரொம்பக் கூடினால் ஐரிஸை முன்னால் தள்ளி, நீர் வடியும் மூலையை நெருக்கி, கண் அழுத்தத்தை ஏற்றிவிடலாம். அப்படி ஆனால் லென்ஸை எடுத்துவிட்டு வேறு சைஸ் வைக்க வேண்டியிருக்கும். "மாற்ற வேண்டி வந்தால் செலவு யாருடையது?" என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சங்கடப்படாதீர்கள், அவர்களுக்கு இது பழக்கப்பட்ட கேள்விதான்.

விழித்திரைப் பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐசிஎல் வைத்ததும் கிட்டப்பார்வை 'குணமாகிவிட்டது' என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். கிட்டப்பார்வைக்கு முக்கியக் காரணம் கண் உருண்டை முன்னும் பின்னும் நீண்டு போனது. சாதாரணக் கண் 24 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், நம்மைப் போன்றவர்களுக்கு 26, 27 என்று போகும். உள்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையும் அதோடு இழுபட்டு, ஓரங்களில் மெலிந்தோ ஓட்டை விழுந்தோ இருக்கலாம். லென்ஸ் வைத்தாலும் கண் நீண்ட கண்தான், விழித்திரை பிரிந்துவரும் அபாயம் இம்மியும் குறையாது. எனவே கண்ணின் பாப்பாவை, அதாவது நடுவில் இருக்கும் கறுப்புத் துளையை, சொட்டு மருந்தால் நன்றாக விரித்து ஓரம் வரைக்கும் பார்க்கச் சொல்லுங்கள். பலவீனமான இடம் இருந்தால் முதலில் அதைச் சுற்றி லேசர் போட்டு, அது ஆறிய பிறகுதான் ஐசிஎல். பாப்பாவை விரித்துப் பார்க்கும் அன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், பல மணி நேரத்துக்கு வெளிச்சமே ஆகாது.

டோரிக் லென்ஸும் பெரிய பவரும் கையிருப்பில் இருக்காது, செய்து வரச் சில வாரம் ஆகலாம். வந்ததும் பெட்டி மேல் இருக்கும் எண் உங்கள் கண்ணாடிச் சீட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லையே என்று பதற வேண்டாம். கண்ணாடி கண்ணுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது, இது உள்ளே நிற்கிறது, இடம் மாறினால் தேவைப்படும் பவரும் மாறும்.

அந்த நாள்

பாப்பா விரிய ஒரு சொட்டு, மரத்துப்போக ஒரு சொட்டு என்று வரிசையாக விடுவார்கள். டோரிக் என்றால் படுக்க வைப்பதற்கு முன், நேராக உட்கார வைத்து வெள்ளை விழியில் பேனாவால் குறி வைப்பதைப் பார்க்கலாம். படுத்தால் கண் உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் சுழலும் என்பதுதான் காரணம். சில இடங்களில் கேமராவே குறியைக் காட்டிவிடும்.

பிறகு மூஞ்சி மேல் துணி, இமையை விரித்துப் பிடிக்க ஒரு கிளிப், அப்புறம் அந்த வெளிச்சம். 'வெளிச்சத்தையே பாருங்கள்' என்பார்கள், வேறு எதையும் பார்க்க முடியாது என்பதே உண்மை. வலி இல்லை. யாரோ கண்ணை விரலால் மெதுவாக அழுத்துகிற மாதிரி ஒரு கனம், நடுநடுவே குளிர்ந்த நீர் காது வரைக்கும் வழிகிறது. கண்ணுக்குள் இடத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஜெல் செலுத்தி, சுருட்டிய லென்ஸைக் குழல் வழியாக உள்ளே விட்டு, அது விரிந்ததும் நாலு மூலைகளையும் ஐரிஸுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். அந்தத் தள்ளல்தான் கொஞ்சம் அசௌகரியம். கடைசியில் ஜெல்லைக் கழுவி எடுப்பார்கள். தையல் பெரும்பாலும் கிடையாது. ஒரு கண்ணுக்குக் கால் மணி, இருபது நிமிஷம். இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்கிறவர்களும் உண்டு, சில நாள் இடைவெளி விடுகிறவர்களும் உண்டு. எனக்கு இடைவெளி விட்டார்கள், அந்த நடு நாட்களில் ஒரு கண் தெளிவு, மறு கண் மைனஸ் 9.5 என்று படி இறங்குவதே பெரும்பாடாக இருந்தது.

முடிந்ததும் உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ஜெல் மிச்சம் உள்ளே தங்கினால் முதல் சில மணி நேரத்தில் கண் அழுத்தம் சரசரவென்று ஏறலாம், அதற்காகவே அழுத்தத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு கடுமையான கண்வலி, அதே பக்கத் தலைவலி, குமட்டல், வாந்தி, பார்வை மங்கல் என்று ஏதாவது வந்தால் 'ஆபரேஷன் ஆனதுதானே, இருக்கும்' என்று வலி மாத்திரை போட்டுப் படுத்துவிடக் கூடாது. ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிட ஒரு எண் வாங்கி வைத்திருங்கள்.

அதன் பிறகு

மறுநாள் காலை பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே தெரியும். எனக்கு முதலில் தெரிந்தது சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள். எல்லாமே கொஞ்சம் பெரிதாகத் தெரிவதும் பிரமை அல்ல, பெரிய மைனஸ் கண்ணாடி எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது, அது விலகிவிட்டது.

சொட்டு மருந்துகள்தான் அடுத்த சில வாரத்து வேலை. ஒன்றை விட்டு ஐந்து நிமிஷம் கழித்து அடுத்ததை விடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். ஸ்டீராய்டு சொட்டை அவர்கள் சொல்கிற வரிசையில் குறைத்துக்கொண்டே வர வேண்டும், கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது, மிச்சம் இருக்கிறதே என்று நீட்டவும் கூடாது. சிலருக்கு ஸ்டீராய்டே அழுத்தத்தை ஏற்றும். முதல் வாரம் கண்ணுக்குள் தண்ணீர் போகக் கூடாது, தலைக்குக் குளிப்பதானால் பின்னால் சாய்ந்து யாரையாவது ஊற்றச் சொல்லுங்கள். தூங்கும்போது கண் மேல் கவசம். நீச்சல், கண் மை எல்லாம் டாக்டர் சொன்ன பிறகு. கண்ணைக் கசக்குவது மட்டும் எப்போதுமே வேண்டாம்.

ராத்திரியில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். லென்ஸ் நடுவில் இருக்கும் துளையின் ஓரத்தில் வெளிச்சம் சிதறுவதும், இருட்டில் பாப்பா லென்ஸின் பார்வைப் பகுதியை விடப் பெரிதாக விரிவதும் காரணம். எனக்கு முதல் மாதம் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு மெல்லிய மோதிரம் மாட்டியிருந்தது, நாலாவது மாதத்தில் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. சிலருக்கு முழுசாகப் போவதில்லை. இரவில் வண்டி ஓட்டித்தான் பிழைப்பு என்றால் இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

யாரும் சொல்லாத இழப்பு ஒன்று உண்டு. மைனஸ் 10 கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் பத்து சென்டிமீட்டரில் எல்லாமே துல்லியமாகத் தெரியும், பூதக்கண்ணாடி வைத்த மாதிரி. விரலில் ஏறிய முள்ளை எடுக்க நான் கண்ணாடியைக் கழற்றிக் கையை மூக்குக்கு அருகே கொண்டுபோவேன், வீட்டில் யாருக்கு முள் குத்தினாலும் என்னிடம்தான் வருவார்கள். அது இப்போது முடிவதில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை கண் அழுத்தம், வால்ட், எண்டோதீலியம் செல் எண்ணிக்கை, விழித்திரை நாலையும் பார்த்தே ஆக வேண்டும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும். கண்ணில் மின்னல் வெட்டுவது போலிருந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று கொத்தாக மிதந்தாலோ, ஒரு ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல் மறைத்தாலோ வருஷப் பரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள், அது விழித்திரை, அன்றைக்கே போக வேண்டும். டோரிக் வைத்தவர்களுக்குப் பார்வை திடீரென்று கலங்கலானால் லென்ஸ் சுழன்றிருக்கலாம், பெரும்பாலும் திருப்பி வைத்துச் சரிசெய்துவிடுவார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸின் பவர், சைஸ், வரிசை எண் எல்லாம் அச்சடித்த அட்டை ஒன்று தருவார்கள். அதையும், முன்னால் எடுத்த அளவுகளின் நகலையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். இருபது முப்பது வருஷம் கழித்து கண்புரை வரும்போது இந்த லென்ஸை எடுத்துவிட்டுத்தான் அந்த ஆபரேஷன் செய்வார்கள், அப்போது உங்கள் டாக்டர் வேறொருவராக இருப்பார். பழைய கண்ணாடியையும் உடனே தூக்கிப் போட்டுவிட வேண்டாம். சைஸ் மாற்ற வேண்டி வந்து லென்ஸை வெளியே எடுத்தால், புதியது வரும் வரைக்கும் அதுதான் கதி. என்னுடையது இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.